ஹேக்கர்கள், கம்பெனிகள், நகராத ரயில்

கேள்வி இது: "ஹேக்கர்கள் ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகளுக்கும் அரசுகளுக்கும் எதிரானவர்களாக இருந்தார்கள் என்கிறார்கள். இன்று அவர்களே அங்கே சம்பளம் வாங்குகிறார்கள். அப்படியானால் இன்டர்நெட்டில் உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஹேக்கர்களால் அதை அசைக்க முடியுமா? சாதாரண ஆள் என்ன செய்வது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். உங்கள் கையில் இருக்கும் கருவி கடைசியில் யார் பேச்சைக் கேட்கிறதோ, அதிகாரம் அவரிடம்தான். பெரும்பாலும் அது நீங்கள் இல்லை. பெரும்பாலும் ஹேக்கரும் இல்லை.

இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஒரு ரயில். போலந்தில் நேவாக் என்ற கம்பெனி இம்பல்ஸ் என்ற மின்சார ரயில்களைத் தயாரிக்கிறது. அவற்றில் சில ஒரு பிராந்திய ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. குறிப்பிட்ட தூரம் ஓடியதும் அவற்றைப் பிரித்து மாட்டிப் பராமரிக்க வேண்டும். அந்த வேலைக்கான டெண்டர், தயாரித்த கம்பெனிக்குக் கிடைக்காமல் எஸ்பிஎஸ் என்ற வேறொரு பணிமனைக்குப் போனது. 2022-இல் அவர்கள் எல்லாவற்றையும் கையேட்டில் உள்ளபடியே பிரித்தார்கள், மாட்டினார்கள். கம்ப்யூட்டர் "எல்லாம் தயார்" என்று காட்டியது. ஆனால் ரயில் நகரவில்லை. மோட்டாருக்கு மின்சாரம் போகவே இல்லை. ஒன்று மட்டுமா என்றால், அடுத்தடுத்து வந்தவையும் அப்படியே நின்றன.

என்னென்னவோ செய்து பார்த்துத் தோற்ற பிறகு, பணிமனை ஆட்கள் கூகுளில் "போலந்து ஹேக்கர்கள்" என்று தேடியதாகச் சொல்வார்கள். கிடைத்தது டிராகன் செக்டார் என்ற குழு. ஹேக்கிங் போட்டிகளில் ஜெயித்துப் பெயர் வாங்கியவர்கள், ரயிலைத் தொட்டுப் பார்த்ததில்லை. மாதக் கணக்கில் உட்கார்ந்து, ரயிலின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நிரலை எடுத்து, வரி வரியாகப் பிரித்துப் படித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்ததாகச் சொன்னது இது: ரயில் தொடர்ந்து பல நாள் ஓடாமல் நின்றால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்படி உள்ளே ஒரு நிபந்தனை இருந்தது. சில ரயில்களில் ஜிபிஎஸ் எண்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், வேறு பணிமனைகள் இருக்கும் இடங்கள்! ஒரு ரயில் குறிப்பிட்ட தேதி வந்ததும் கம்ப்ரஸர் பழுது என்று தானாகவே அறிவிக்கும். கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருக்கும். ஓட்டுநர் அறையில் சில பட்டன்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் பூட்டு விலகும். அந்த வரிசை எந்தக் கையேட்டிலும் இல்லை.

2023 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இதை எல்லாம் மேடையில் போட்டுக் காட்டினார்கள். நேவாக் முழுதாக மறுத்தது. இது தங்கள் பெயரைக் கெடுக்கும் அவதூறு என்றது. அப்புறம் என்ன, பணிமனை மீதும் அந்த ஹேக்கர்கள் மீதும் வழக்குப் போட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். ரயில் யாருடையது? காசு கொடுத்து வாங்கிய ரயில் நிறுவனத்துடையது. பத்திரம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஹேக்கர்கள் சொன்னது சரி என்றால், நகரலாமா கூடாதா என்ற முடிவு வேறொருவர் எழுதிய சில வரிகளிடம் இருந்திருக்கிறது. ஹேக்கர்கள் செய்தது என்ன? உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார்கள். அவ்வளவுதான். இன்டர்நெட்டின் அதிகாரப் போட்டியைப் பற்றி நான் சொல்லப்போகும் மீதி எல்லாமே இந்தக் கதையின் வேறு வேறு வடிவங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹேக் என்ற சொல் இந்த அர்த்தத்தில் பிறந்ததும் ரயில் பக்கத்தில்தான். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பொம்மை ரயில் சங்கம் ஒன்று இருந்தது. மேசைக்கு மேலே அழகான ஊர், ஸ்டேஷன், மரங்கள். மேசைக்குக் கீழே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் ரிலேக்களும் வயர்களும் பின்னிக் கிடக்கும். கீழே படுத்துக்கொண்டு அந்த வயர்களை நோண்டியவர்கள் தங்கள் சாமர்த்தியமான வேலைக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் ஹேக். திருட்டு என்ற வாசனையே அதில் இல்லை. அதே ஆட்கள் பிறகு கல்லூரிக் கம்ப்யூட்டர் பக்கம் போனபோது சொல்லும் கூடவே போனது.

அடுத்த தலைமுறை டெலிபோன் கம்பெனியில் கை வைத்தது. அன்றைய அமெரிக்க நெடுந்தொலைவு இணைப்புகளில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் லைன் காலியாக இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும்; அப்புறம் காசில்லாமல் பேசலாம். காலை உணவு தானியப் பெட்டியோடு இலவசமாக வந்த ஒரு விசில் சரியாக அந்த ஒலியைத் தந்தது! அந்த வித்தையைப் பெட்டியில் அடைத்து, 1970-களின் தொடக்கத்தில் கல்லூரி விடுதிகளில் விற்ற இரண்டு பையன்கள் ஸ்டீவ் வாஸ்னியாக், ஸ்டீவ் ஜாப்ஸ். அதே ஜாப்ஸ் பின்னாளில் நடத்திய ஆப்பிள் கம்பெனி, தான் அனுமதிக்காத ஆப் எதையும் ஐபோனில் போட முடியாதபடி பூட்டியது. ஃபேஸ்புக் இன்னும் ஒரு படி மேலே போனது. 2012-இல் பங்குச் சந்தைக்கு வரும்போது மார்க் ஸக்கர்பெர்க் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் "ஹேக்கர் வழி" என்று ஒரு பகுதியே இருந்தது. அன்றைய தலைமை அலுவலக முகவரி: 1, ஹேக்கர் வே. ஊர் பெயரைத் தெருவுக்கு வைப்பதுபோல எதிர்ப்பின் பெயரை வாசலில் எழுதிவிட்டார்கள்.

ஆக, "ஹேக்கர்கள் விலை போய்விட்டார்கள்" என்று நீங்கள் நினைப்பதில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஹேக்கர் என்பது கட்சி இல்லை, திறமை. பூட்டுத் தொழில் தெரிந்தவன் பூட்டும் செய்யலாம், திருடவும் செய்யலாம், சாவியைத் தொலைத்தவனுக்குக் கதவும் திறந்துவிடலாம். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சட்டம் எந்தப் பக்கம் நின்றது என்பதுதான்.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற சில இசைத் தட்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், நகல் எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று ஏறிக்கொள்ளும். ஏறியது மட்டும் இல்லை, தான் இருப்பதையே ஒளித்துக்கொள்ளும். குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பும் விண்டோஸின் கண்ணுக்கே தெரியாது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தன் கம்ப்யூட்டரைச் சோதிக்கும்போது இது அகப்பட்டது. நீக்க முயன்றால் சிடி டிரைவே வேலை செய்யாமல் போனது. வைரஸ் எழுதுபவர்கள் சும்மா இருப்பார்களா? சோனி போட்டுக் கொடுத்த அதே திரைக்குப் பின்னால் தங்கள் சரக்கையும் ஒளித்து வைத்தார்கள். லட்சக்கணக்கான தட்டுகள், கேட்காமல் நுழைந்த நிரல், மறைந்திருந்த நிரல். தனி ஆள் ஒருவர் செய்திருந்தால் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். கம்பெனி தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது, வழக்குகளைப் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது, விஷயம் முடிந்தது. சிறைக்கு யாரும் போகவில்லை.

இன்னொரு வழக்கு ஆரன் ஸ்வார்ட்ஸ். இணையதளங்களின் புதுப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் தொழில்நுட்பத்தில் சின்ன வயதிலேயே பங்களித்தவர், ரெட்டிட்டின் ஆரம்ப நாட்களில் இருந்தவர். 2010 கடைசியில் எம்ஐடி கட்டடம் ஒன்றில் வயர்கள் இருக்கும் சின்ன அறையில் லேப்டாப்பை வைத்து, ஜேஸ்டோர் என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை டவுன்லோடு செய்தார். அந்த வளாகத்தின் நெட்வொர்க்கிலிருந்து அவற்றைப் படிக்க யாருக்கும் தடை இல்லை. மொத்தமாக இறக்குவதுதான் விதிக்கு விரோதம். ஜேஸ்டோர் அவரோடு சமாதானம் செய்துகொண்டு, வழக்கில் தனக்கு ஆர்வம் இல்லை என்றது. அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் விடவில்லை. 13 குற்றச்சாட்டுகள், சிறைத் தண்டனை பத்தாண்டுகளின் கணக்கில். 2013 ஜனவரி 11 அன்று, விசாரணை தொடங்கும் முன்பே, 26 வயதில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர்மீது பாய்ந்த சட்டம் 1986-இல் வந்தது. "அனுமதியின்றி, அல்லது அனுமதியைத் தாண்டி" கம்ப்யூட்டரை அணுகுவது குற்றம் என்கிறது. அனுமதி என்றால் எது? கம்பெனி எழுதிய விதிமுறையை மீறினாலே குற்றமா? இந்தக் கேள்வியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓரளவு கடிவாளம் போட்டது 2021-இல்தான். அதுவரை, யாரும் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தும் அந்த நீளமான பக்கத்துக்குக் கிட்டத்தட்டக் குற்றவியல் சட்டத்தின் பலம் இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: எல்லோருக்கும் சட்டம் இப்படிக் கடுமையாக இருக்கவில்லை. 1988-இல் இன்டர்நெட்டின் கணிசமான பகுதியையே முடக்கிய, தானே நகலெடுத்துப் பரவும் "புழு" நிரலை எழுதிய ராபர்ட் மோரிஸுக்குக் கிடைத்தது சிறை இல்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் அபராதமும்தான். அவர் பிற்பாடு எம்ஐடியில் பேராசிரியர் ஆனார்.

1998-இல் வந்த இன்னொரு அமெரிக்கச் சட்டம், பதிப்புரிமை உள்ள படைப்பின் டிஜிட்டல் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. பூட்டு உங்கள் சொந்தப் பொருளின்மீது இருந்தாலும் சரி. டிராக்டர் பழுதுபார்ப்பதற்கும் போனைத் திறப்பதற்கும் விலக்குக் கேட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது.

சரி, அதிகாரம் யாரிடம் என்று கேட்டிருந்தீர்கள். தடை, தணிக்கை, சிறை என்றுதான் இந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் வரும். அவை இருக்கின்றன. 2011 ஜனவரியில் எகிப்து அரசு போராட்டத்தின் நடுவே நாட்டின் இன்டர்நெட்டையே அணைத்தது. ஆனால் அணைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், கோபம் வரும். கம்பெனிகளின் முறை வேறு. எதையும் தடுக்க வேண்டியதில்லை. எது முதலில் கண்ணில் படும் என்பதை மட்டும் தங்கள் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் ஒரு சோதனை செய்தது. 6,89,003 பேரின் பக்கத்தில் சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்தார்கள், சிலருக்குச் சோகமானவற்றைக் குறைத்தார்கள். அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று பார்த்தார்கள். மாற்றம் மிக மிகச் சிறியது; அதை ஊதிப் பெரிதாக்கிப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. ஒருவரிடமும் தனியாகக் கேட்கவில்லை, 2014-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவரும்வரை ஒருவருக்கும் தெரியவும் இல்லை. அந்த வாரம் தன் பக்கம் ஏன் இவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்று யாராவது யோசித்திருந்தால், நண்பர்கள் எல்லாம் சோர்ந்துபோயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தேர்தல் பிரச்சார ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரத்தையும் பலர் "ஹேக்" என்றே சொல்கிறார்கள். ஹேக்கே இல்லை. ஒரு ஆளுமைத் தேர்வு ஆப்பைப் போட்டவர்கள் சுமார் 2,70,000 பேர். நண்பர்களின் தகவலையும் எடுத்துக்கொள்ள ஃபேஸ்புக் அன்று ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது. அதனால் அதிகபட்சம் 8.7 கோடிப் பேரின் விவரம் போனது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கதவு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது.

வாங்கிய பொருளே கைவிட்டுப் போகும் கதையும் உண்டு. 2009 ஜூலையில் அமேசான், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்று சொல்லி, வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில மின்னூல்களைத் தூரத்திலிருந்தே அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது, மன்னிப்பும் கேட்டது. அழிந்தவற்றில், அரசாங்கம் பழைய தாள்களை எரித்து வரலாற்றை மாற்றும் ஜார்ஜ் ஆர்வெல் நாவலும் ஒன்று. இப்படி ஒரு சம்பவத்தைக் கதையில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அரசுகள் இதில் எங்கே வருகின்றன? கம்பெனிகள் சேர்த்து வைத்த அலமாரியைத் திறந்து பார்ப்பவர்களாக. 2013-இல் அமெரிக்க உளவுத்துறையின் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டியது அதைத்தான். உளவுத்துறை ஒவ்வொருவர் பின்னாலும் ஆள் போட வேண்டியதில்லை, எல்லோரும் ஏற்கெனவே சில செர்வர்களில் குடியிருக்கிறார்கள். கூகுள், யாஹூ தகவல் மையங்களுக்கு இடையே ஓடும் கேபிள்களிலேயே ஒட்டுக்கேட்டார்கள் என்றும் தெரிந்தது. கோபத்தில் கம்பெனிகள் அந்த இணைப்புகளையும் மற்றவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்தன. கம்பெனிகளின் சுயநலம் நமக்கும் பயன்பட்ட சில தருணங்களில் அது ஒன்று.

ஹேக்கரின் திறமைக்குச் சந்தை விலை வந்ததும் இந்தச் சுற்றில்தான். யாருக்கும் தெரியாத ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தால், அதைத் தயாரித்த கம்பெனியிடம் சொல்லிச் சின்னப் பரிசு வாங்கலாம். அல்லது அரசுகளுக்கு விற்கும் தரகரிடம் பல மடங்குக்குக் கொடுக்கலாம். இஸ்ரேலின் என்எஸ்ஓ போன்ற கம்பெனிகள் அந்த ஓட்டைகளைப் பெகாசஸ் மாதிரியான உளவு மென்பொருளாக்கி அரசுகளுக்கு விற்கின்றன. பத்திரிகையாளர்கள், மனித உரிமை ஆர்வலர்கள் போன்களில் அது அகப்பட்டிருக்கிறது. அமெரிக்க உளவு நிறுவனம் என்எஸ்ஏ இப்படி ஒரு விண்டோஸ் ஓட்டையைத் தனக்கென்று மறைத்து வைத்திருந்தது. அது களவுபோய் 2017 ஏப்ரலில் வெளியே கொட்டியது. மே மாதம் அதே ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நிரல் உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. வேலியே பயிரை மேய்ந்ததுகூட இல்லை. வேலியில் வேண்டுமென்றே விட்டுவைத்த சந்து வழியாக ஊர் மாடெல்லாம் நுழைந்தது. அதை நிறுத்தியது 22 வயதான மார்கஸ் ஹட்சின்ஸ். அந்த நிரல் தேடிக்கொண்டிருந்த ஒரு இணைய முகவரி காலியாக இருப்பதைப் பார்த்து, பத்துச் சொச்சம் டாலருக்குப் பதிவு செய்தார், பரவல் அடங்கியது. மூன்று மாதம் கழித்து, பதின்வயதில் எழுதிய, வங்கி விவரம் திருடும் மென்பொருளுக்காக அமெரிக்காவில் அவரைக் கைது செய்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார், நீதிபதி மேற்கொண்டு சிறை இல்லை என்று விட்டுவிட்டார். ஹேக்கர் நல்லவரா கெட்டவரா என்று கேட்பவர்களுக்கு நான் இவர் பெயரைத்தான் சொல்வேன். ஒரே ஆள், இரண்டும்.

உள்ளே போய்த் திருத்தலாமே என்பீர்கள். மட்ஜ் என்று அறியப்பட்ட பீட்டர் ஸாட்கோ அதைச் செய்து பார்த்தார். 1998-இல் தன் ஹேக்கர் குழுவோடு அமெரிக்க செனட்டில் உட்கார்ந்து, இன்டர்நெட்டை 30 நிமிடத்தில் முடக்க முடியும் என்று எச்சரித்தவர். 2020-இல் ட்விட்டரின் பாதுகாப்புத் தலைவர் ஆனார். 2022 தொடக்கத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சில மாதங்களில், கம்பெனியின் பாதுகாப்பு மோசமாக இருக்கிறது என்று அதிகாரிகளிடம் புகாரோடு நின்றார். ட்விட்டர் அதை மறுத்தது. கால் நூற்றாண்டு கழித்தும் அவர் செய்துகொண்டிருந்த வேலை ஒன்றேதான்.

நம்பிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். செர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகிறது. நானும் செர்வர்களோடு மாரடிக்கிறவன்தான். அரை விநாடி தாமதத்தை நான் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பேன். அவர் போகவில்லை. நூல் பிடித்துப் போனால், கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்ஸட் என்ற சின்ன மென்பொருளில் வந்து முடிந்தது. ஜியா டான் என்ற பெயரில் யாரோ இரண்டு ஆண்டுக்கும் மேல் அதில் உதவி செய்து, தனியாக அதைப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரின் நம்பிக்கையைப் பெற்று, ரகசியக் கதவு ஒன்றை வைத்திருந்தார். இன்னும் சில வாரம் கண்ணில் படாமல் இருந்திருந்தால், உலகின் ஏராளமான லினக்ஸ் செர்வர்களுக்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். ஃப்ராயிண்ட் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம் நிரல் திறந்து கிடந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் படித்துப் பார்த்தார், அதற்காக அவர்மீது யாரும் வழக்குப் போடவில்லை. போலந்து ரயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசிக் கேள்வி, சாதாரண ஆள் என்ன செய்வது. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுக் காட்டுக்குப் போங்கள் என்று சொல்லமாட்டேன், நானே போகவில்லை. சிக்னல் மாதிரி, நிரல் வெளிப்படையாக இருக்கும், உள்ளே என்ன பேசுகிறோம் என்று நடத்துபவருக்கே தெரியாத ஆப்களுக்கு முடிந்ததை மாற்றுங்கள். ஒரே மின்னஞ்சல் கணக்கில் வங்கி, புகைப்படம், வேலை எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். கணக்கு முடங்கினால் கம்பெனியில் பேசுவதற்கு ஒரு மனிதர் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்கு ஒருமுறை பதினொரு நாள் ஆனது. எதற்காக முடக்கினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. அந்த நாட்களில் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றக்கூட முடியவில்லை, ஏனென்றால் மாற்றும் இணைப்பு எல்லாம் அந்த மின்னஞ்சலுக்கே போனது. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் தகவலையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் கணக்கின் அமைப்புகளில் "தகவலைப் பதிவிறக்கு" என்ற பட்டன் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். எத்தனை பக்கம் தள்ளி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே போங்கள்.